நாலாம் நம்பர் நாற்காலி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அந்தப் புதன்கிழமை, ஸ்டோர் அறைக்கு வெளியே நடைவழியில் என் நாற்காலி சுவரைப் பார்த்தபடி ஒதுக்கி விடப்பட்டிருந்ததைக் கண்டதும் இரண்டு காதும் கொதித்தன. அதன் முதுகில் ஒரு சிவப்புச் சீட்டு. 'கழிவு. சனிக்கிழமை ஏற்ற வேண்டியது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மூன்று மாதம் நான் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்த காரியம்.

நான் ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் போன் எடுக்கிறவள். நாலாம் நம்பர் மேஜை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை எனக்கு. இரண்டிலிருந்து இரவு பத்து வரை அதே மேஜையும் அதே நாற்காலியும் இன்னொருவருக்கு. அதற்குப் பிறகு வரும் அழைப்புகளை வேறொரு கட்டடத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். அலறுகிறவரை முதலில் மூச்சுவிட வைப்பது, அவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கேட்டு வாங்குவது, வண்டி போய்ச் சேரும் வரை அவரை லைனில் பிடித்து வைத்திருப்பது, இதுதான் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த அறையில் என்னைவிட நன்றாக அதைச் செய்கிறவர்கள் கிடையாது. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

முதுகெலும்பில் டிஸ்க் விலகி அறுவை சிகிச்சை ஆயிற்று. மூன்று மாத விடுப்பு முடிந்து அந்த வாரத் திங்கட்கிழமை வேலைக்கு வந்தேன். நாலாம் நம்பர் மேஜைக்குப் பின்னால் புத்தம் புதிதாக ஒரு நாற்காலி பளபளத்தது. முதுகுச் சாய்மானம் ஒரே வார்ப்பு, எதையும் ஏற்ற முடியாது, இறக்க முடியாது. நான் குள்ளம். அதில் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை, முன்னால் நகர்ந்தால் முதுகுக்கு அணைப்பில்லை. மூன்றாவது மணி நேரம் இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீரென்று இழுத்தது. என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டின் வயர் பிடுங்கிக்கொண்டு லைன் அறுந்தது. மறுமுனையில் ஒரு பெண், அவள் அப்பா குளியலறையில் விழுந்து கிடந்தார். அரை நிமிஷத்தில் அவளே மறுபடி அழைத்தாள், வண்டி போயிற்று, பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதை நான் மறக்கப் போவதில்லை.

சூப்பர்வைசர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் ரெஸ்ட் எடுங்க. வந்து எட்டு மணி நேரம் உட்கார்ந்து காட்டுங்க. முடியலைன்னா கீழே ரெக்கார்ட் ரூமுக்கு மாத்திடறேன். தண்டனைன்னு நினைக்காதீங்க. அங்க நடந்துக்கிட்டே இருக்கலாம், உங்க முதுகுக்கு நல்லது."

ரெக்கார்ட் ரூமில் அலமாரிகள் இருக்கின்றன. ஒரு குரல் கிடையாது. என் முதுகுக்கு அது நல்லதாக இருக்கலாம். நான் முதுகு மட்டுமா?

அதனால்தான் புதன்கிழமை என் பழைய நாற்காலியைத் தேடிக்கொண்டு போனேன். அது சாதாரண நாற்காலி இல்லை. பெரிய கம்பெனி ஒன்று இடம் மாறியபோது எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனவற்றில் ஒன்று. பின்பக்கம் வலை, இருக்கை தடித்த துணி, கைப்பிடிகளை ஏற்றி இறக்கலாம். எல்லாவற்றையும்விட, முதுகின் குழிவில் அணை கொடுக்க ஒரு திண்டு இருந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அதை மேலும் கீழும் நகர்த்தலாம். என் முதுகுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் படம் போட்டுக் காட்டிய இடத்தில் சரியாக வந்து நிற்கும்.

ஸ்டோர்க்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பட்டியலை வாசித்தார்.

"உட்கார்ந்தா மெல்ல மெல்ல இறங்குது. சக்கரம் உருளலை. கிறீச்சுனு சத்தம். கைப்பிடி ஒட்டுது. வாடை அடிக்குது. போதுமாம்மா?"

"ஐயா, இதுல பாதி அழுக்கு. அழுக்குக்காக யாராவது நாற்காலியைத் தூக்கிப் போடுவாங்களா? அப்ப உங்க அறையில என்னதான் மிஞ்சும்?"

அவர் தன் அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இறங்குறது அழுக்கு இல்லையே."

"அதை ரிப்பேர் பண்ணிக்கலாம்."

"யாரு பண்றது?"

"நான்."

சேலைக்கு மேல் நான் கட்டியிருந்த இடுப்புப் பட்டையைப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஆனால் மனுஷர் கெட்டவர் இல்லை.

"சனிக்கிழமை பத்து மணிக்கு லாரி. அதுக்கு முன்னாடி நான் இதுல உட்கார்ந்து பார்ப்பேன், உருட்டிப் பார்ப்பேன், தூக்கிப் பார்ப்பேன். மூணுல ஒண்ணு தப்பினாலும் லாரிலதான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன். உட்கார்றதுக்குத்தானே இவ்வளவு பாடும்."

வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "குனியாதே." இரண்டாவது வார்த்தை, "தூக்காதே." மூன்றாவதாக, கருவிப் பையை எடுத்து வந்து என் முன் வைத்தார். என்னோடு வாதாடி ஜெயித்ததில்லை என்பது இருபத்தாறு வருடத்தில் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இறங்குதுன்னா நடுவுல உயரத்தை ஏத்தி இறக்குற கேஸ் லிஃப்ட் குழாய் போயிடுச்சு. அதை ரிப்பேர் பண்ண முடியாது, மாத்தத்தான் முடியும். அதே மாதிரி வேற நாற்காலி இருக்கா?"

"ஒன்பதாம் நம்பர் இருக்கு. வலை கிழிஞ்சு அதுவும் லாரிக்குக் காத்திருக்கு. ஆனா இறங்கலை."

"அப்ப அதுல இருக்கிறதைக் கழட்டி இதுல போடு. குழாய்க்கு ரெண்டு முனையும் கூம்பு மாதிரி இருக்கும், பல வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து இறுகிப் போயிருக்கும். எண்ணெய் ஸ்பிரே அடிச்சு ஊறவிட்டு, பைப் ரின்ச்சைப் போட்டுத் திருகணும். அடியில ரப்பர் சுத்தியால தட்டணும். கழண்டதுக்கு அப்புறம்..."

"தெரியும், தெரியும்," என்றேன். அதற்குள் நான் பழைய துணிகளையும் பல் தேய்க்கும் பிரஷ்களையும் பையில் அடுக்க ஆரம்பித்திருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

இனி கொக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொக்கு என்பது என் நாற்காலியின் மறுபாதிச் சொந்தக்காரருக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர். ஆறடிக்கு மேல் உயரம், கழுத்து நீளம், நடை மெதுவாக. ஒன்பது வருடமாகத் தினமும் இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் சந்திக்கிறோம். அந்த ஐந்து நிமிஷமும் சண்டை. நான் தாழ்த்தி வைக்கிற நாற்காலியை அவர் ஏற்றுவார், மறுநாள் காலையில் நான் திட்டிக்கொண்டே இறக்குவேன். பேச நேரம் இல்லாத நாட்களில் நாற்காலியிலேயே சீட்டு ஒட்டிச் சண்டை போடுவோம். 'பிஸ்கெட் தூளைத் துடைத்துவிட்டுப் போகவும்' என்று நான். 'தலைமுடியை அள்ளிவிட்டுப் போகவும்' என்று அவர். 'முதுகுத் திண்டைத் தொடாதீர்கள்' என்று நான் மட்டும் ஐம்பது தடவையாவது எழுதியிருப்பேன்.

எனக்குக் குனியவும் தூக்கவும் ஒரு ஆள் வேண்டும். யோசித்து யோசித்துப் பார்த்தும் கொக்கைத் தவிர யாரும் கிடைக்கவில்லை. போன் செய்தேன். "காலைல பத்து மணிக்கு வந்துடறேன் அக்கா" என்றார், ஒரு கேள்வி கேட்காமல். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

வியாழக்கிழமை நடைவழியில் இருந்த நீள மேஜைமீது அட்டையை விரித்தோம். கொக்கு நாற்காலியைத் தூக்கித் தலைகீழாக அதன்மேல் கிடத்தினார். அப்படி வைத்ததும் எல்லாம் என் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. குனிய வேண்டிய வேலை இல்லை.

முதலில் சக்கரங்கள். ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் ஒவ்வொன்றும் டொக் என்று கையில் வந்தது. சக்கரம் ஏன் உருளவில்லை என்பது அப்போது புரிந்தது. அச்சைச் சுற்றி முடி. நூல் பிரிக்கிற சின்னக் கத்தியால் அறுத்து, இடுக்கியால் பிடித்து இழுத்து, சுருள் சுருளாக எடுத்தேன். நீளமான முடி, பாதி கறுப்பு, பாதி நரை. முழுவதும் என்னுடையது. கொக்கு ஒவ்வொரு சுருளையும் பேப்பரில் வரிசையாக வைத்தார். ஐந்து சக்கரம், ஐந்து சுருள். மனிதர் வாயைத் திறக்காமல் குத்திக்காட்டத் தெரிந்தவர்.

ஆனால் இருக்கைக்கும் முதுகுக்கும் இடையிலிருந்த இடுக்கில் தூசி உறிஞ்சும் குழாயை வைத்ததும் கடகடவென்று சத்தம் வந்தது. அத்தனையும் பிஸ்கெட். அவ்வளவு பெரிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். கணக்கு நேர் என்று இருவரும் அடுத்த வேலைக்குப் போனோம்.

சக்கரங்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். வலையை மெல்லிய பிரஷால் தட்டி, பாத்திரம் கழுவும் சோப்பை நன்றாக நுரைக்க வைத்து, நுரையை மட்டும் தொட்டுத் தேய்த்தேன். இருக்கைத் துணிக்கும் நுரைதான். தண்ணீரை ஊற்றினால் உள்ளே இருக்கிற பஞ்சு குடித்துவிடும், அப்புறம் அந்த வாடை ஜென்மத்துக்கும் போகாது. பிழிந்த துணியால் துடைத்தபோது வாளித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. மூன்று வாளி மாற்றினோம். கொக்குதான் தூக்கினார்.

கைப்பிடிகளின் மேல்தோல் வெடித்துப் பிசுபிசுத்தது. இதற்கும் கொக்குதான் காரணம் என்று திட்டத் தயாரானேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. தினமும் காலையில் வந்ததும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து நான்தானே துடைப்பேன்? ஒன்பது வருடம் விடாமல். இந்த மாதிரித் தோலுக்கு ஸ்பிரிட் ஆகாதாம். வீட்டுக்காரர் முதல் நாள் சொல்லியிருந்தார், நான் நம்பவில்லை. எனக்கு எதையும் அளவோடு செய்ய வராது. சோப்புத் துணியால் பிசுக்கை எடுத்து, மெல்லிய துணியுறை தைத்து மாட்டுவது என்று முடிவு செய்து, அதைப் பற்றிக் கொக்கிடம் மூச்சு விடவில்லை.

அடுத்து முதுகுத் திண்டு. அதன் இரண்டு தண்டவாளங்களையும் துடைக்கலாம் என்று விளக்கை அருகில் பிடித்தேன். திண்டுக்கு மேலேயும் கீழேயும் தூசி கெட்டியாகப் படிந்து, நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்கு இறுகியிருந்தது. திண்டை அழுத்தி நகர்த்தினேன். அசையவே இல்லை. பலமாகத் தள்ளியதும் பட்டென்று விலகியது. அது நின்றிருந்த இடம் மட்டும் புதுசு மாதிரி கறுப்பாக மின்னியது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கை நின்றுவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் முதன்முதலாக இடுப்புப் பிடித்துக்கொண்டபோது நான் வைத்த இடம் அது. அன்றிலிருந்து அந்தத் திண்டை யாரும் ஒரு விரற்கடைகூட நகர்த்தவில்லை.

"தம்பி, இதை நீங்க தொட்டதே இல்லையா?"

"எதை?"

"இந்தத் திண்டை."

"நீங்கதான் தொடாதேன்னு எழுதி ஒட்டினீங்களே."

"முதல் தடவை எழுதினதுக்கு அப்புறமே தொடலையா? அப்புறம் எதுக்கு ஐம்பது தடவை பேசாம வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?"

கொக்கு சக்கரம் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதுக்கு முன்னாடி ஒருநாள் மாத்தி வெச்சுட்டேன் அக்கா. மறுநாள் நீங்க பேசின அழைப்போட ரெக்கார்டிங்கை எங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. எப்பவும் நிதானமா இருக்கிற குரல், அன்னிக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருந்துச்சு. லைன்ல இருந்தவர் நீங்க கோபப்படுறீங்கன்னு நினைச்சுப் பயந்துட்டார். அதுக்கப்புறம் எனக்கு மனசு வரலை."

"உங்களுக்கு அது எங்க இடிக்கும்?"

"இடுப்புக்குக் கீழ. பழகிடுச்சு."

நான் அழுத்தக்காரி. ஆஸ்பத்திரியில் தையல் பிரித்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் அந்த நடைவழியில், சோப்புக் கையோடு, வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு, மெல்லிய வெள்ளைப் பெயின்டை எடுத்துவரச் சொல்லி, தண்டவாளத்தில் என் உயரத்துக்கு ஒரு கோடும் நாற்காலியை இறக்கி நிமிர்த்தி, அவரை உட்கார வைத்துப் பார்த்து அவர் உயரத்துக்கு ஒரு கோடும் போட்டேன். இனிமேல் யார் வந்தாலும் தன் கோட்டுக்கு நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை கேஸ் லிஃப்ட். ஒன்பதாம் நம்பர் நாற்காலியில் கைவைக்கப் போனதும் ஸ்டோர்க்காரர் ஓடி வந்தார்.

"அது பட்டியல்ல இருக்கு! அதுல இருந்து ஒரு திருகாணியைக்கூட எடுக்கக் கூடாது!"

"எடுக்கலைங்க. மாத்தறோம். இதோட கெட்டுப் போனது அதுக்குள்ள போயிடும். லாரில ஏறும்போது முழு நாற்காலியாத்தான் ஏறும்."

அவர் மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்தார். "முழுசா இருக்கணும்" என்றார். கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு நாற்காலிக்கும் கூம்புகளில் எண்ணெய் ஸ்பிரே அடித்து ஊறவிட்டோம். கொக்கு பைப் ரின்ச்சைப் போட்டுத் தொங்கினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, குழாய் அசையவில்லை. "விடாதீங்க, இன்னும் கொஞ்சம், மூச்சை வெளிய விடுங்க" என்று போனில் பேசுகிற குரலிலேயே சொன்னேன். அரை மணி நேரத்தில் இரண்டும் கழன்றன. இரண்டு மணிக்கு அவர் தன் வேலைக்கு ஓட, நல்ல குழாயைப் பொருத்துகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இருக்கைக்கு அடியிலிருந்த நான்கு போல்ட்டுகளும் பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தன, கிறீச் சத்தம் அதுதான். ஆலன் கீயால் இறுக்கினேன். அசைகிற இடத்துக்கெல்லாம் கொஞ்சம் கிரீஸ் வைத்தேன். கிரீஸ் மிஞ்சியது. கூம்புகளுக்கும் வழவழவென்று பூசினேன். ஒன்பதாம் நம்பரையும் சொன்னபடி முழுசாக்கினேன். பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஸ்டோர்க்காரரே கை கொடுத்தார். உட்கார்ந்து பார்த்தேன், மெதுவாக, கண்ணாடிமேல் உட்காருவது போல. இறங்கவில்லை. உருண்டது. சத்தம் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது.

சனிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் லாரி வாசலில் நின்றது. ஸ்டோர்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பூ மாதிரி உட்கார்ந்தார், சட்டை அழுக்காகிவிடும் என்று பயமோ என்னவோ. "இறங்கலை" என்றார். நடைவழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருட்டிப் பார்த்தார். "உருளுது" என்றார். கொக்கு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு ஸ்டோர்க்காரர் அடியில் ஒட்டியிருக்கிற நம்பரைப் பார்ப்பதற்காக இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துத் தூக்கினார்.

மேல்பாதி அவர் கையோடு போயிற்று. கீழ்ப்பாதி, ஐந்து காலும் சக்கரமுமாக, அவர் பாதத்தின்மேல் விழுந்தது.

அவர் துள்ளிய துள்ளலில் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு வந்தது. "ரிப்பேராம்மா இது? ரிப்பேரா? உட்கார்ந்தவங்க தூக்கும்போது ரெண்டா வந்தா யாரு பொறுப்பு? லாரில ஏத்துங்கப்பா!"

லாரி ஆட்கள் இருவர் வந்து மேல்பாதியைப் பிடித்தார்கள். திங்கட்கிழமை கண்முன்னே நின்றது. கால் எட்டாத அந்தப் புது நாற்காலி, சுரீரென்ற இழுப்பு, அறுகிற லைன். நான் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கம்மா."

"விட மாட்டேன். மணி ஒன்பதே முக்கால். லாரி பத்துக்குன்னு சொன்னீங்க. கால் மணி நேரம் என்னோடது."

ஸ்டோர்க்காரர் பாதத்தைத் தடவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. கையை உதறினார். லாரி ஆட்கள் ஒதுங்கினார்கள்.

நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "தூக்கினா ரெண்டா வருதுங்க."

"கூம்பைத் துடைச்சியா?"

"துடைக்கணுமா?"

"அதைத்தானே சொல்ல வந்தேன். கழட்டத்தான் எண்ணெய். மாட்டும்போது சுத்தமா காய்ஞ்சிருக்கணும். ரெண்டு கூம்பும் அதது துவாரத்தை இறுக்கிப் பிடிச்சுத்தான் நிக்குது, அங்க வேற திருகாணியே கிடையாது. எண்ணெய் இருந்தா எப்படிப் பிடிக்கும்?"

"கிரீஸும் வெச்சேன்."

"வெப்பே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இருபத்தாறு வருடமும் இருந்தது.

தப்பு முழுக்க என்னுடையது. அழுது பிரயோஜனம் இல்லை. கைப்பையில் எப்போதும் இருக்கிற ஸ்பிரிட் புட்டியை எடுத்தேன். கைப்பிடித் தோலைக் கெடுத்த அதே ஸ்பிரிட், இரும்புக்கு இப்போது அதுதான் மருந்து. கொக்கு குழாயை நிறுத்திப் பிடித்தார், நான் துணியை நனைத்து நனைத்துத் துடைத்தேன். மேல் கூம்பு, கீழ்க் கூம்பு, அவை போய்ப் பொருந்துகிற இரண்டு துவாரங்களின் உட்புறம். விரலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் திருகினேன். துணியில் கறை வராத வரைக்கும் விடவில்லை. ஏழு நிமிஷம் ஆயிற்று. மாட்டினோம்.

"இப்ப யாராவது இதுல தொப்புனு விழணும்" என்றேன். "என்னால முடியாது."

கொக்கு கொஞ்சம் பின்னால் போனார். அந்த உயரத்திலிருந்து தன் முழு எடையையும் தூக்கி நாற்காலியில் போட்டார். எழுந்தார். மறுபடி போட்டார். மூன்றாவது தடவை நடைவழியே அதிர்ந்தது, மேல்மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கூம்பு போய் இறுகிய சத்தம் எனக்குக் கேட்டது.

"ஐயா, இப்பத் தூக்குங்க."

ஸ்டோர்க்காரர் முதலில் தன் இரண்டு காலையும் எட்டத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கைப்பிடிகளைப் பிடித்துத் தூக்கினார். நாற்காலி முழுசாக மேலே வந்தது. உலுக்கினார். வந்தது. கீழே வைத்தார், சிவப்புச் சீட்டைக் கிழித்தார், பட்டியலில் ஒரு வரியை அடித்தார். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை இதை நீங்களே துடைச்சு இறுக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டோம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நாலாம் நம்பர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கால் தரையில் பதிந்தது. திண்டு முதுகின் குழிவில் வந்து நின்றது. சூப்பர்வைசர் அம்மா எனக்கென்று ஒரு படிவம் வைத்திருந்தார். மணிக்கு ஒருமுறை வந்து என்னைப் பார்த்து அதில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

வலி வராமலில்லை. மூன்றாவது மணி நேரம் எட்டிப் பார்த்தது, ஐந்தாவது மணி நேரம் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அழைப்புகளுக்கு நடுவே கொஞ்சம் சாய்ந்தேன், கைப்பிடியை ஏற்றினேன், பாதத்தை அழுத்தினேன். எழவில்லை. மதியம் ஒன்றேகால் மணிக்கு ஒரு ஆள் அழைத்தான். மனைவிக்குப் பிரசவ வலி, தலை தெரிகிறது, வீட்டில் வேறு யாரும் இல்லை. வண்டி வர பதினெட்டு நிமிஷம் ஆகும். பதினெட்டு நிமிஷமும் அவனைப் பிடித்து வைத்திருந்தேன். "துண்டு எடுத்தாச்சா? கையைக் கழுவிட்டீங்களா? அவங்க முகத்தைப் பார்த்துப் பேசுங்க. நான் இங்கதான் இருக்கேன், எங்கேயும் போகலை." குழந்தையின் அழுகை காதில் விழுந்தபோது அவனும் அழுதான். வண்டிக்காரர்களின் குரல் கேட்ட பிறகுதான் லைனை வைத்தேன். ஹெட்செட் வயர் அதன் இடத்தில் இருந்தது.

இரண்டு மணிக்குச் சூப்பர்வைசர் அம்மா படிவத்தோடு வந்தார். கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி. 'வலி: உண்டு / இல்லை.' பேனாவை 'இல்லை'க்கு மேல் தயாராக வைத்துக்கொண்டே கேட்டார்.

"வலி இல்லைதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. என் மேஜை எனக்கு. ஆனால் மூச்சு வருகிறதா, ரத்தம் வருகிறதா, உள்ளதைச் சொல்லுங்கள் என்று பதினோரு வருடமாக ஊரை மிரட்டுகிறவள் நான்.

"வலி இருக்கு" என்றேன். "ஆனா உட்கார முடியுது. எட்டு மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கும் வலிக்கும், நாளைக்கும் உட்காருவேன். அதுக்கு உங்க காகிதத்துல இடம் இருக்கான்னு பாருங்க."

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு 'உண்டு', 'இல்லை' இரண்டையும் அடித்துவிட்டு, ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி ஒரு வரி எழுதி, படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

'பதினெட்டு நிமிஷ அழைப்பை எழாமல் முடித்தார். இவரை மாற்ற வேண்டாம்.'

கண் கலங்கியதால் அதை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. பின்னால் கொக்கு வந்து நின்றார். "அக்கா, மணி ரெண்டு அஞ்சு. எந்திரிக்கிறீங்களா?"

"ஒரு நிமிஷம் இருங்க தம்பி" என்றேன். அந்த ஒரு நிமிஷம் எந்த அழைப்பும் இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.